மீரி – பீரி: இரண்டு வாள்களும் இப்போது யார் இடுப்பில்?

கீழவாசல் (கேள்வி)

சீக்கிய வரலாற்றைப் படித்து வருகையில் ஓரிடத்தில் முடிச்சு அவிழாமல் நிற்கிறேன். அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

1606ஆம் ஆண்டு ஐந்தாம் குருவாகிய அர்ஜன், பேரரசர் ஜஹாங்கீரின் ஆணையால் லாகூரில் வதைக்கப்பட்டு உயிர்நீத்தார். அடுத்துக் குருபீடம் ஏறிய அவருடைய மகன் ஹர்கோபிந்துக்கு அப்போது வயது பதினொன்று. பீடம் ஏறும்போது அவர் இரண்டு வாள்களை அணிந்துகொண்டார் என்றும், அவற்றில் மீரி என்பது உலகியல் ஆட்சியையும் பீரி என்பது ஆன்மிகத் தலைமையையும் குறிக்கும் என்றும் மரபு சொல்கிறது. அமிர்தசரஸில் பொற்கோயில் எனப்படும் ஹர்மந்திர் சாகிப்புக்கு எதிரே அகால் தக்த் என்னும் அதிகார பீடம் எழுந்ததும் அவர் காலத்தில்தான். இவற்றைக் கொண்டு, சீக்கியத்தில் சமயமும் அரசியலும் பிரிக்க முடியாதவை என்று பெரும்பாலான நூல்கள் முடிவு கட்டிவிடுகின்றன.

ஆனால் பத்தாம் குருவின் பெயரால் வழங்கும் பச்சித்தர் நாடகத்தில், பாபாவின் வீட்டையும் பாபரின் வீட்டையும் இறைவனே படைத்தான் என்றும், முன்னதைச் சமயத்தின் அரசாகவும் பின்னதை உலகத்தின் அரசாகவும் அறிந்துகொள்க என்றும் பொருள்படும் அடிகள் வருகின்றன. பாபா என்றால் குரு நானக். பாபர் என்றால் முகலாய அரச மரபு. இரண்டு அதிகாரங்களையும் இரண்டு வீடுகளில் வைக்கும் பேச்சாக அல்லவா இது இருக்கிறது? அப்படியானால் ஆறாம் குரு சேர்த்ததைப் பத்தாம் குரு பிரித்தாரா? மேலும், 1708க்குப் பிறகு மனித வடிவில் குரு இல்லை என்னும்போது, அந்த இரண்டு வாள்களுக்கும் இன்று உரியவர் யார்?

ஏட்டுச்சுவடி

பத்தாம் குருவின் பெயரால் வழங்கும் தசம் கிரந்தம் என்ற தொகுப்பில் பச்சித்தர் நாடகம் உள்ளிட்ட பகுதிகளை இயற்றியவர் யார் என்பதில் சீக்கிய அறிஞர்களிடையே நெடுநாளைய வழக்கு உண்டு. அதை ஒருபுறம் வைத்துவிட்டு, நீங்கள் காட்டிய அடிகளை அவை வரும் இடத்திலேயே படித்துப் பாருங்கள். ஔரங்கசீப்பின் மகன் பஞ்சாபுக்குப் படையுடன் வந்தபோது அஞ்சிய சிலர் குருவைக் கைவிட்டு ஆனந்த்பூரிலிருந்து வெளியேறினார்கள். வெளியேறியவர்களை முகலாய அதிகாரிகளே பிடித்துக் கொள்ளையடித்தார்கள். அந்த நிகழ்ச்சியைச் சொல்லும்போதுதான் இந்த அடிகள் வருகின்றன. பாபாவின் வீட்டுக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்தாதவர்களிடமிருந்து பாபரின் வீட்டார் பறித்துக்கொள்வார்கள் என்பது அதை ஒட்டி வரும் கருத்து. பேரரசனின் சிம்மாசனம் தன் சொந்த வலிமையில் நிற்கவில்லை, அதுவும் இறைவன் நிறுத்தி வைத்த ஒன்றுதான் என்று அங்கே சொல்லப்படுகிறது. இரண்டு வீடுகள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் உலக அரசை அதன் போக்கில் விட்டுவிட்டு நீங்கள் தியானத்தில் அமருங்கள் என்று அந்த அடிகள் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

குரு நானக்கும் அப்படி அமர்ந்துவிடவில்லை. பாபரின் படை இன்று ஏமனாபாத் எனப்படும் ஊரை அழித்தபோது அவர் பாடிய நான்கு பாடல்கள் பாபர்வாணி என்ற பெயரில் போற்றப்படுகின்றன. இன்னோரிடத்தில் அரசர்களைப் புலிகள் என்றும் அவர்களுடைய அதிகாரிகளை நாய்கள் என்றும் அவர் சொல்கிறார். சத்தா, பல்வந்த் என்னும் இரு பாடகர்கள் இயற்றி, சீக்கியரின் மறைநூலாகிய ஆதி கிரந்தத்தில் இடம்பெற்ற பாடல், நானக் உண்மை என்னும் கோட்டையை உறுதியான அடித்தளத்தின் மேல் எழுப்பி அரசு நடத்தினார் என்று அதன் முதல் பகுதியிலேயே சொல்கிறது. ஐந்தாம் குரு அர்ஜன், எவரும் எவரையும் துன்புறுத்தாத எளிமையின் ஆட்சி என்று ஒன்றைப் பாடினார். ஹலேமி ராஜ் என்பது அவர் அதற்கு இட்ட பெயர். ஆகவே மீரி என்ற எண்ணம் 1606இல் ஒரே நாளில் முளைத்ததன்று. ஆறாம் குரு அதற்குப் படைக்கலமும் குதிரையும் வழக்கு கேட்கும் ஒரு மேடையும் கொடுத்தார்.

அந்த மாற்றத்தை எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவுமில்லை. நூல்கள் விரைந்து கடந்துவிடும் இந்த இடம்தான் எனக்கு மிகச் சுவையானதாகப் படுகிறது. அக்காலத்தவரான பாய் குர்தாஸ் தம் 26ஆம் வாரில் (வார் என்பது நெடும்பாடல்) மக்களின் முறையீட்டை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். முந்தைய குருமார் தர்மசாலையில் ஓரிடத்தில் அமர்ந்திருந்தார்கள், இவரோ ஓரிடத்தில் நிற்பதில்லை. முன்பு பாதுஷாக்கள் குருவின் வீடு தேடி வந்தார்கள், இவரைப் பாதுஷா கோட்டைக்கு அனுப்பிவிட்டார். முன்னவர்கள் பாடல் இயற்றிப் பாடினார்கள், இவர் நாய்களை வைத்துக்கொண்டு வேட்டையாடுகிறார். கோட்டை என்பது குவாலியர் சிறை. இத்தனை குறைகளையும் அடுக்கிய பிறகு அவர் தரும் விடை ஓர் உழவரின் விடை: தோட்டத்தைச் சுற்றிக் கருவேல முள் வேலி வேண்டும். விளைச்சல் எது, வேலி எது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. உங்கள் முதல் கேள்விக்கு நான் தரும் விடையும் அதுதான். இரண்டும் ஒன்றாகிவிடவில்லை. வாள்கள் இரண்டாகவே இருந்தன, மீரி பீரியைக் காக்கவும் அதற்குக் கட்டுப்படவும் வேண்டியதாக இருந்தது. குரு ஹர்கோபிந்த் 1630களில் முகலாயப் படைகளோடு பலமுறை போரிட்டார். அப்போர்களால் ஒரு சிற்றூரையேனும் தம் ஆட்சிப் பகுதியாக்கிக் கொள்ளவில்லை. இறுதியில் மலையடிவாரத்திலுள்ள கீரத்பூருக்குச் சென்று தங்கினார்.

இரண்டாம் கேள்விக்கு 1699ஆம் ஆண்டு வைசாகித் திருநாளிலிருந்து தொடங்க வேண்டும். ஆனந்த்பூரில் குரு கோபிந்த் சிங் ஐவருக்குத் தீட்சையாக அமிர்தம் அளித்து, அமிர்தம் பெற்றோரின் சமுதாயமாகிய கால்சாவை நிறுவிய பின், அதே ஐவரிடம் தாமும் அமிர்தம் பெற்றுக்கொண்டார். பின்னர் சம்கௌர் முற்றுகையின்போது, எஞ்சியிருந்த சீக்கியர்களில் ஐவர் கூடி, அவர் தப்பிச் செல்ல வேண்டும் என்று ஆணையிட்டதாகவும் அவர் அதற்குப் பணிந்ததாகவும் மரபு சொல்கிறது. நாந்தேட்டில் 1708இல் அவர் மறைவதற்கு முன், குருத்துவம் கிரந்தத்துக்கும் பந்த் எனப்படும் சீக்கியச் சமுதாயத்துக்கும் உரியதாயிற்று. எந்தத் தனி மனிதருக்கும் இரண்டு வாள்களும் அதன்பின் சேர்ந்து கிடைக்கவில்லை.

வடக்குவாசி

ஏட்டுச்சுவடி அவர்கள் சொன்னது நூலோடு நிற்காமல் அமிர்தசரஸில் நாள்தோறும் நடக்கும் முறையிலும் இருக்கிறது. பணியின் பொருட்டுப் பஞ்சாபில் வசிப்பதால் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மறைநூலாகிய குரு கிரந்த சாகிப் விடியற்காலையில் அகால் தக்திலிருந்து பல்லக்கில் ஹர்மந்திர் சாகிப்புக்கு எழுந்தருளுகிறது. இரவில் அகால் தக்திலுள்ள அறைக்கே திரும்புகிறது. இரண்டு கட்டடங்களுக்கும் இடையே நிற்கும் இரு கொடிமரங்களில் பீரியைக் குறிப்பது சற்று உயரமானது.

அவர் 1708இல் நிறுத்திய கதையை நான் சற்று நீட்டுகிறேன். பந்தா சிங் பகதூர் 1710இல் சிர்ஹிந்தை வென்றபோது, சீக்கியர் கையில் முதன்முறையாக உண்மையான ஆட்சி வந்தது. அவருடைய முத்திரையில் இருந்தது நானக், கோபிந்த் சிங் என்னும் குருமாரின் பெயர். 1733இல் லாகூர் ஆளுநர் ஜக்கரியா கான், சீக்கியர்களைச் சமாதானப்படுத்த நவாப் பட்டமும் ஜாகீர் என்னும் நில மானியமும் அனுப்பினார். தலைவர்கள் ஒவ்வொருவராக அதை மறுக்க, கூட்டத்துக்கு விசிறி வீசித் தொண்டு செய்துகொண்டிருந்த கபூர் சிங்கிடம் அது போய்ச் சேர்ந்தது என்றும், ஐந்து சீக்கியர்களின் காலடியில் வைத்து எடுத்த பிறகே அவர் அதை ஏற்றார் என்றும் சொல்வார்கள். பட்டம் தில்லியிலிருந்து வந்தாலும் அதை ஏற்கும் அனுமதி பந்திடமிருந்து வர வேண்டும் என்பது இதன் பொருள். அந்த நூற்றாண்டு முழுவதும் மிசல் எனப்படும் சீக்கியப் படைக்குழுக்களின் தலைவர்கள் தங்களுக்குள் ஓயாமல் சண்டையிட்டபோதும், வைசாகிக்கும் தீபாவளிக்கும் அகால் தக்தின் முன் சர்பத் கால்சாவாக, அதாவது சீக்கியர் அனைவரின் பொதுச் சபையாகக் கூடி, குரு கிரந்தத்தின் முன்னிலையில் குர்மத்தா என்னும் கூட்டு முடிவை எடுத்தார்கள்.

இதை மௌனமாகக் கலைத்தவர் ரஞ்சித் சிங். 1799இல் லாகூரைப் பிடித்து 1801இல் மகாராஜாவான அவர், தம் பெயரில் நாணயம் அடிக்கவில்லை, குருமாரின் பெயரிலேயே அடித்தார். தம் அரசைச் சர்க்கார் கால்சா என்று அழைத்தார். ஒழுக்க மீறலுக்காக, அகால் தக்தின் தலைவராக இருந்த அகாலி பூலா சிங் அவரை அங்கே அழைத்துச் சவுக்கடி விதித்தார் என்றும், மகாராஜா முதுகைத் திறந்து காட்டி நின்றார் என்றும் வழங்கும் கதையைப் பஞ்சாபில் குழந்தைகூட அறியும். ஆனால் அரசியல் முடிவுக்காகச் சர்பத் கால்சா கூடியது 1805க்குப் பிறகு அவர் காலத்தில் நடக்கவேயில்லை. பெயர்கள் எல்லாம் கால்சாவுக்குரியவையாக இருக்க, முடிவெடுத்தது அரண்மனை. சவுக்கடிக் கதையை மகிழ்ந்து சொல்பவர்கள் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

செங்கல்

மேலேயுள்ள இரண்டு பதிவுகளும் தெளிவானவை. ஆயினும் இலட்சியத்தின் பக்கம் சற்று அதிகமாகச் சாய்ந்திருக்கின்றன. மீரி பீரிக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது கொள்கை. கடந்த 150 ஆண்டுகளில் நடந்தது அதற்கு நேர்மாறு என்று நான் சொல்வேன்.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஹர்மந்திர் சாகிப்பின் மேலாளரை அரசே அமர்த்தியது. அந்த ஏற்பாட்டின் விளைவாகத்தான், 1919இல் ஜாலியன்வாலா பாக் படுகொலையை நடத்திய ஜெனரல் டயருக்கு அதே வளாகத்தில் மரியாதை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில், தாழ்த்தப்பட்ட சாதிகளிலிருந்து சீக்கியத்தைத் தழுவியவர்கள் கொண்டுவந்த கடா பிரசாதத்தை ஏற்கப் பூசாரிகள் மறுத்தனர். குரு கிரந்தத்தைத் திறந்து வாக்குக் கேட்டபோது, தகுதியற்றவர்களையும் இறைவன் தானே மன்னித்துக் குருவின் தொண்டில் சேர்த்துக்கொள்கிறான் என்னும் பாடல் வந்தது, பிரசாதம் ஏற்கப்பட்டது. அகால் தக்தின் பூசாரிகளோ இருக்கையை விட்டு வெளியேறிவிட்டார்கள், கூடியிருந்த மக்கள் அதைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வாள்களும் பந்துடையவை என்பதற்கு இதைவிட நேரான சான்றை நான் அறியேன். 1920 நவம்பரில், குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டியும் அடுத்த மாதம் அகாலி தளம் என்ற கட்சியும் தோன்றின. நன்கானா சாகிப்பில் நூற்றுக்கு மேற்பட்டோர் பலியான கொலை உட்பட ஐந்தாண்டுப் போராட்டம் நடந்து, 1925இல் சீக்கிய குருத்வாராக்கள் சட்டம் வந்தது.

சிக்கல் அங்கே தொடங்குகிறது. கமிட்டியின் உறுப்பினர்களைச் சீக்கிய ஆண்களும் பெண்களும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், அக்காலத்துக்கு இது பெரிய முன்னேற்றம். ஆனால் அந்தச் சட்டத்தை இயற்றியது ஆங்கிலேயர் காலச் சட்டசபை. இன்று திருத்துவது இந்திய நாடாளுமன்றம். முடி வெட்டிக்கொள்ளும் சகஜ்தாரிகளுக்கு வாக்குரிமை இல்லை என்று 2016இல் உறுதிசெய்ததும் நாடாளுமன்றம்தான். கமிட்டிக்கு 2011இல் தேர்தல் நடந்த பின் அடுத்த தேர்தல் ஆண்டுக்கணக்கில் இழுபட்டுக் கிடக்கிறது. யார் சீக்கிய வாக்காளர், தேர்தல் எப்போது என்பவற்றை அரசு தீர்மானிக்கிறது. கமிட்டியைக் கைப்பற்றிய கட்சி அகால் தக்தின் தலைவராகிய ஜத்தேதாரை அமர்த்துகிறது. அந்த ஜத்தேதார் அதே கட்சித் தலைவர்களுக்குத் தண்டனை விதிக்க வேண்டியவர். இந்தச் சங்கிலியில் பீரி எந்தக் கண்ணியில் இருக்கிறது என்று எவரேனும் காட்டினால் நான் ஏற்றுக்கொள்கிறேன்.

கீழவாசல்

விடையளித்த மூவருக்கும் நன்றி. செங்கல் அவர்களின் கடைசி வரியிலிருந்து இன்னொன்று கேட்கத் தோன்றுகிறது. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒரு முதலமைச்சரை அகால் தக்த் அழைத்துத் தண்டிக்குமானால், அவர் யாருக்குப் பொறுப்புடையவர்? சீக்கியர் அல்லாத வாக்காளரும் அவரைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் அல்லவா?

வடக்குவாசி

இதற்கு நம்மவர்களுக்கு நன்கு தெரிந்த ஒருவரே எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டின் ஆளுநராக இருமுறை இருந்த சுர்ஜித் சிங் பர்னாலா, 1985 முதல் 1987 வரை பஞ்சாபின் முதலமைச்சர். 1986 ஏப்ரல் இறுதியில் பொற்கோயில் வளாகத்திலிருந்து காலிஸ்தான் அறிவிப்பு வெளியானதும் அவர் உள்ளே காவல்துறையை அனுப்பினார். முதலமைச்சர் என்ற முறையில் அது அவருடைய கடமை என்றே நான் கருதுகிறேன். சீக்கியர் என்ற முறையில் அவர் கிரந்தம் ஓதும் தலைமைக் கிரந்திகளால் அழைக்கப்பட்டு, பக்தர்களின் காலணிகளைத் துடைக்கும் தண்டனையை ஏற்றார், பதவி விலகவில்லை. 1987 பிப்ரவரியில், அகாலி பிரிவுகளையெல்லாம் கலைத்து ஒரே கட்சியாக்க வேண்டும் என்ற அகால் தக்தின் ஆணைக்கு இணங்க மறுத்தார், சமயத்திலிருந்து விலக்கப்பட்டார். 1988 டிசம்பரில் கழுத்தில் அட்டை தொங்கத் தூணில் கட்டப்பட்டு நின்று மன்னிப்புப் பெற்றார். இதே மனிதர்தான் 1991 ஜனவரியில், கருணாநிதி அரசைக் கலைப்பதற்கு அறிக்கை அனுப்ப மறுத்தவர். ஒரு நாற்காலி கேட்ட அனைத்துக்கும் தலையாட்டும் இயல்பு அவரிடம் எந்தத் தலைநகரிலும் இருந்ததாகத் தெரியவில்லை.

இரண்டு நிகழ்ச்சிகளையும் நான் ஒன்றாகப் பார்க்கவில்லை. முதலாவதில் ஒரு பக்தரின் செயலுக்குச் சங்கத் (பக்தர் சமூகம்) விதித்த பரிகாரம் இருக்கிறது. இரண்டாவதில் ஒரு கட்சி இருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை ஐந்து கிரந்திகள் முடிவு செய்தார்கள். இந்த வேறுபாட்டைச் சீக்கியரின் நடத்தை விதித் தொகுப்பான ரெஹத் மரியாதாவே சொல்கிறது. குருமாரின் பெருமை, கிரந்தத்தின் மேன்மை, அமிர்தத்தின் தூய்மை போன்ற அடிப்படைகளைக் காப்பதற்கு மட்டுமே குர்மத்தா எடுக்கலாம், வழக்கமான அரசியல், சமூக, கல்விப் பிரச்சினைகளுக்கு வெறும் மத்தா, அதாவது சாதாரணத் தீர்மானமே போதும் என்பது அதன் விதி. அந்த அளவுகோலின்படி 1987இன் ஆணை வரம்பு மீறியது என்பது என் கருத்து. இங்கே என் சீக்கிய நண்பர்களில் பாதிப்பேர் இதற்கு உடன்பட மாட்டார்கள்.

சீக்கியர் அல்லாத வாக்காளருக்கும் இதில் இடமுண்டு. காஷ்மீரப் பண்டிதர்களின் சமய உரிமைக்காக 1675இல் தில்லியில் தலை கொடுத்தவர் ஒன்பதாம் குரு தேக் பகதூர். அவருடைய சொந்தச் சமயம் அதுவன்று. தன் சமயத்தாரை மட்டும் காக்கும் ஆட்சியை மீரி என்று சொல்ல அந்த வரலாறு இடம் தராது.

செங்கல்

வடக்குவாசி காட்டிய வரம்பு எனக்கும் ஏற்புடையதே. ஆனால் அந்த வரம்புக்குள் நின்று தீர்ப்புச் சொன்னவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1998 இறுதியில், கால்சாவின் 300ஆம் ஆண்டு விழா வரை பூசலை நிறுத்தி வைக்குமாறு அகாலி தலைவர்களுக்கு ஆணையிட்ட ஜத்தேதார் ரஞ்சித் சிங், 1999 பிப்ரவரியில் கமிட்டியால் நீக்கப்பட்டார். அடுத்து வந்த பூரண் சிங், 2000 ஜனவரியில் கமிட்டியின் தலைவரையே சமயத்திலிருந்து விலக்கினார்; மார்ச்சில் அவரும் நீக்கப்பட்டார்.

2024 டிசம்பர் 2ஆம் நாள் நடந்ததை நாளேடுகளில் படித்திருப்பீர்கள். தேரா சச்சா சௌதா என்னும் சமயக் குழுவின் தலைவருக்கு 2015இல் மன்னிப்பு கிடைக்கச் செய்தது உள்ளிட்ட குற்றங்களுக்காக, முன்னாள் துணை முதலமைச்சர் சுக்பீர் சிங் பாதலுக்கு அகால் தக்திலிருந்து தன்காஹ் எனப்படும் சமயத் தண்டனை அறிவிக்கப்பட்டது. சக்கர நாற்காலியில், கையில் ஈட்டியும் கழுத்தில் பலகையுமாகப் பொற்கோயிலின் வாயிலில் காவல் இருந்தார். இரண்டாம் நாள் அங்கேயே அவரை நோக்கித் துப்பாக்கிச் சூடு நடந்து, அவர் உயிர் தப்பினார். நூற்றாண்டுப் பழமையுடைய கட்சி ஒன்றின் தலைவர் எந்தக் காவலரும் கட்டாயப்படுத்தாமல் அப்படி வந்து அமர்ந்தார் என்பதால், பீரிக்கு இன்னும் வலிமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று தீர்ப்புக் கூறியோரில் இருந்த, தக்த் எனப்படும் ஐந்து சீக்கிய அதிகார பீடங்களுள் மூன்றின் ஜத்தேதார்களும் 2025 மார்ச் முதல் வாரத்துக்குள் கமிட்டியால் அந்தப் பொறுப்புகளிலிருந்து அகற்றப்பட்டார்கள். கமிட்டி வேறு காரணங்களைச் சொன்னது. பஞ்சாபில் பலர் அவற்றை நம்பவில்லை.

ஜத்தேதாரின் தகுதி, அமர்த்தும் முறை, பதவிக்காலம், நீக்கும் முறை ஆகியவற்றுக்கு எழுதப்பட்ட விதி வேண்டும் என்ற கோரிக்கை 2000இலேயே எழுந்துவிட்டது. விதி எழுதும் பொறுப்பு கமிட்டியிடம்தான் இருக்கிறது என்பதே தடை. அகால் தக்த், கேஷ்கட் சாகிப், தம்தமா சாகிப் ஆகிய மூன்றின் ஜத்தேதார்களை அமர்த்துவது அந்தக் கமிட்டி. பாட்னா தக்துக்குத் தனி நிர்வாகக் குழு உண்டு, நாந்தேட் 1956ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின் கீழ் இருக்கிறது. எனவே கமிட்டி நாளையே நல்ல விதி ஒன்றை எழுதினாலும், பத்தாம் குரு பிறந்த பாட்னாவும் அவர் மறைந்த நாந்தேட்டும் அதனால் கட்டுப்பட மாட்டா. ஐந்து தக்துகளையும் சேர்த்துக் கட்டும் முடிவை எடுக்க சர்பத் கால்சா கூட வேண்டும். கடந்த நாற்பது ஆண்டுகளில் அந்தப் பெயரால் கூடிய கூட்டங்களைக் கமிட்டி ஏற்கவில்லை. அதைக் கூட்டும் உரிமை யாருக்கு என்பதே வழக்காகிக் கிடக்கிறது.